திரிங்காப் வானத்தில் பட்டை விழுவது ஏன்?

மலேசியாவின் கேமரன் மலையில் பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா நோக்கிப் போகும் சாலையில், கியா ஃபார்ம் சந்தையைத் தாண்டியதும் வருகிற ஊர் திரிங்காப். சாலையோரமெல்லாம் பிளாஸ்டிக் கூரை வேய்ந்த காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும். இந்தப் பக்கம் சுங்கை பாலாஸ், அந்தப் பக்கம் புளூ வேலி என்று தேயிலை மலைகள். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வருகிறவர்கள் இருட்டோடு எழுந்து, குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு, வானம் வெளுப்பதைப் படம் பிடிக்கக் காத்திருப்பார்கள். சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் தலைகாட்டும். நிலநடுக்கோட்டிலிருந்து நாலரை பாகை தள்ளியிருக்கும் ஊர் இது. இங்கே சூரியன் ஏறக்குறைய நிமிர்ந்தே எழுவதால் விடியல் நீண்டு நிற்காது. இருபது நிமிடச் சொச்சத்தில் எல்லாம் முடிந்துவிடும்.

அந்த இருபது நிமிடத்தில் எடுத்த படம் கேமராவின் சின்னத் திரையில் அழகாகத்தான் இருக்கும். கணினியில் ஏற்றி, கொஞ்சம் வெளிச்சம் கூட்டி, கொஞ்சம் கான்ட்ராஸ்ட் ஏற்றி, நீலத்தை இன்னும் நீலமாக்கியதும் சிக்கல் தொடங்குகிறது. வழவழப்பாக இருந்த வானம் பட்டை பட்டையாகப் பிரிகிறது. மேலே அடர்நீலம், அதற்குக் கீழே சற்று வெளிறிய நீலம், இடையில் எங்கிருந்தோ வந்த ஊதா வரி, அப்புறம் பச்சைச் சாயலில் ஒன்று. ‘லென்ஸ் கெட்டுப்போச்சு’ என்பார் ஒருவர், ‘மெமரி கார்டு சரியில்லை’ என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டும் இல்லை. பட்டை விழுவதற்குப் பின்னால் ஒளியின் கணக்கும், எண்ணின் கணக்கும், நம் கண்ணின் கணக்கும் சேர்ந்திருக்கின்றன.

வானத்திலிருந்தே தொடங்குவோம். காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்பதையும், அலைநீளம் குறையக் குறைய அந்தச் சிதறல் நான்காம் அடுக்கில் கூடுகிறது என்பதையும் ரேலே பிரபு 1871-இல் கணக்கிட்டுக் காட்டினார். பகல் வானம் நீலமாக இருப்பது அதனால்தான். விடியலின் நீலத்துக்கு மட்டும் இந்த விளக்கம் போதாது. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே இருக்கும்போது தலைக்கு மேலே தெரியும் ஆழ்ந்த நீலத்துக்குப் பெரும்பங்கு ஓசோன் காரணம். அது செம்மஞ்சள் ஒளியை விழுங்கிவிடுகிறது. இதை எட்வர்ட் ஹல்பர்ட் 1953-இல்தான் நிறுவினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வானியற்பியலாளர் சந்திரசேகர், 1950-இல் வெளியிட்ட நூலில், சூரிய ஒளி காற்றுக்குள் பலமுறை சிதறி வருவதை முழுமையாகக் கணக்கிடும் வழியைத் தந்தார். 1954-இல் டோனா எல்பர்ட்டுடன் சேர்ந்து, வானத்தின் ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு ஒளி, எவ்வளவு முனைவாக்கம் (ஒளியலை ஒரே தளத்தில் அதிரும் தன்மை) என்று அட்டவணையே போட்டார்.

உச்சிவானிலிருந்து தொடுவானம்வரை ஒளி மாறிக்கொண்டே வருகிறது, ஆனால் எந்த இடத்திலும் சட்டென்று தாவுவதில்லை. கேமரன் மலையில் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரமுள்ள பிரிஞ்சாங் மலைமுகட்டில் நின்றால், காற்றுமண்டலத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலுக்குக் கீழே போய்விடுகிறது. அதனால் மேலே நீலம் கருக்கும். கீழே பள்ளத்தாக்கின் மூடுபனி வெளுத்துக் கிடக்கும். இரண்டுக்கும் இடையில் நீண்ட, இடைவெட்டே இல்லாத சரிவு.

இந்தச் சரிவைக் கோப்பில் எழுதிவைக்கும்போது கேமரா அதைப் படிகளாக வெட்ட வேண்டியிருக்கிறது. ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 8 பிட், அதாவது 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 67 லட்சம் நிறங்கள் என்று விளம்பரங்கள் சொல்லும். அது உண்மைதான், ஆனால் ஒரு வானத்துக்கு அத்தனை நிறமும் கிடைப்பதில்லை. 6,000 க்கு 4,000 புள்ளிகள் கொண்ட படத்தில் மேல்பாதி வானம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 வரிசைகள். உச்சியில் நீலத்தின் மதிப்பு 120, தொடுவானத்தில் 180 என்றால், நடுவில் இருப்பவை வெறும் 60 படிகள். ஒவ்வொரு படியும் 33 வரிசை அகலம். கான்ட்ராஸ்டை மூன்று மடங்கு இழுத்தால் படிகள் கூடுவதில்லை. அதே 60 படிகள் மும்மூன்று எண் தாண்டி விலகி நிற்கும். திரிங்காப்பில் தேயிலை மலை சரிவாகவே இறங்கும். பக்கத்திலேயே காய்கறிக்காரர்கள் அதே மலையைப் படிப்படியாக வெட்டி வைத்திருப்பார்கள். கேமரா பார்த்தது தேயிலைச் சரிவு, கோப்பு வைத்திருப்பது காய்கறிப் படி.

சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே இடத்தில் படி தாண்டுவதில்லை. நீலம் ஒரு வரிசையில் தாண்டும், பச்சை பத்து வரிசை தள்ளித் தாண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தப் பத்து வரிசையில் நிறத்தின் சமநிலை ஒரு பக்கம் சாய்கிறது. எங்கிருந்தோ வந்ததாக நாம் நினைத்த ஊதா வரியும் பச்சைச் சாயலும் அங்கேதான் பிறக்கின்றன.

புகைமூட்டக் காலத்தில் இது இன்னும் மோசமாகும். 2015-இலும் 2019-இலும் சுமத்ரா, கலிமந்தான் காட்டுத்தீயின் புகை மலேசியாவை மூடி, பள்ளிக்கூடங்களையே அடைக்க வைத்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட நாளில் வானத்தின் மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசமே 20 படிதான் இருக்கும். ஒவ்வொன்றும் நூறு வரிசை அகலம். அதைப் போய் ‘டிஹேஸ்’ கருவியால் தெளிவாக்க முனைந்தால் பட்டை விழாமல் என்ன செய்யும்!

இருட்டு வானமும் அப்படித்தான். நடுத்தர வெளிச்சத்தில் 141-க்கும் 142-க்கும் உள்ள ஒளி வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை விழுக்காடு. 20-க்கும் 21-க்கும் உள்ள வித்தியாசமோ ஏழு விழுக்காடு. கீழ்ப்படிகள் அவ்வளவு உயரமானவை. இரவுப் பூந்தோட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செவ்வந்திச் செடி இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். தண்டு போதிய உயரம் வளரும்வரை அதைத் தடுத்துவைக்க, பூந்தோட்டக்காரர்கள் கூடாரத்துக்குள் இரவில் விளக்கு எரிய விடுகிறார்கள். அந்த மஞ்சள் வெளிச்சம் மூடுபனியில் பரவி மெல்ல மெல்ல இருட்டுக்குள் கரையும் காட்சி கேமரன் மலைக்கே உரியது. பட்டை விழாமல் அதைக் கோப்பில் காப்பாற்றுவதுதான் மிகக் கடினம்.

ஒன்றரை விழுக்காடு வித்தியாசம் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கலாம். தேயிலைச் செடியின் மீது அது தெரியாது. இலையும் நிழலும் தாறுமாறாகக் கலந்து கிடக்கும் இடத்தில் ஒரு படி ஏறினாலும் இறங்கினாலும் யார் கண்டார்? வெறுமையாக விரிந்த வானத்தில், நேர்கோடாக நீளும் விளிம்பாக அது வரும்போதுதான் கண் பிடித்துக்கொள்கிறது. பிடிப்பதோடு நில்லாமல் மிகைப்படுத்தவும் செய்கிறது. விளிம்பின் வெளிச்சப் பக்கம் இன்னும் வெளிச்சமாகவும் இருட்டுப் பக்கம் இன்னும் இருட்டாகவும் தோன்றும். எர்ன்ஸ்ட் மாஹ் 1865-இல் விவரித்த தோற்றம் இது. கண்ணின் நரம்புகள் பக்கத்து நரம்புகளை அடக்கி வைப்பதால் இப்படி நேர்கிறது என்பதை ஹால்டன் கெஃபர் ஹார்ட்லைன் லாட நண்டின் கண்ணில் ஆராய்ந்து காட்டினார். 1967-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அவர் பயன்படுத்திய அட்லாண்டிக் கரை நண்டின் உறவினம்தான் மலேசியக் கரையில் பெலாங்காஸ் என்று அழைக்கப்படுகிறது. மலையின் விளிம்பையும் விலங்கின் விளிம்பையும் சட்டென்று கண்டுகொள்ள உதவும் இந்தத் திறமை, படி விழுந்த வானத்தில் நமக்கு எதிராக வேலை செய்கிறது.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் 8 பிட் படம் எல்லாவற்றிலும் பட்டை விழ வேண்டும். அப்படி விழுவதில்லையே? இங்கேதான் எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பு மூட்டும் விஷயம் இருக்கிறது. வானத்தைக் காப்பாற்றுவது, படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும், நாம் எப்போதும் திட்டித் தீர்க்கும் நாய்ஸ்தான்.

ஒரு புள்ளியின் உண்மையான மதிப்பு 141.3 என்று கொள்வோம். கோப்பில் பின்னத்துக்கு இடமில்லை, 141 என்றுதான் எழுத முடியும். பக்கத்துப் புள்ளியும் 141, அதற்கடுத்ததும் 141. அந்த 0.3 எங்கேயும் பதிவாகாமல் தொலைந்தது. இப்போது ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு படி அளவுக்குள் தாறுமாறான ஆட்டம் சேர்ப்போம். பத்துப் புள்ளியில் ஏழு 141-இல் விழும், மூன்று 142-இல் விழும். தனித்தனியே எல்லாமே தவறான எண்கள். கூட்டிச் சராசரி பார்த்தால் 141.3. தொலைந்துபோன பின்னம் திரும்பி வந்துவிட்டது! தூரத்திலிருந்து பார்க்கும் கண் அந்தச் சராசரியைத்தான் பார்க்கிறது. கோடாக நீண்டு நின்ற விளிம்பும் பொடிப்பொடியாகச் சிதறிவிட்டதால், மாஹ் சொன்ன மிகைப்படுத்தலுக்கும் பிடிமானம் இல்லை.

இந்த ஆட்டத்தை இயற்கையே இலவசமாகத் தருகிறது. ஒளி துகள்துகளாக வருவதால் அதன் எண்ணிக்கை ஒருபோதும் சீராக இருப்பதில்லை. ஒரு புள்ளியில் 10,000 ஒளித்துகள்கள் விழ வேண்டுமென்றால், உண்மையில் விழுவது நூறு கூடவோ நூறு குறையவோ இருக்கும். ஒரு விழுக்காடு ஏற்ற இறக்கம். வெளிச்சமான வானத்தில், 8 பிட் கோப்பின் கணக்கில் அது கிட்டத்தட்ட ஒரு படி. பட்டையை உடைக்கத் தேவையான அளவும் ஏறக்குறைய அதுதான். ஃபிலிம் காலத்து வானங்களில் இந்தத் தொல்லை இல்லாததற்கு வெள்ளி மணிகளின் கிரெய்ன் காரணம். கைப்பேசிப் படங்களில் தொல்லை அதிகமாக இருப்பதற்கும் இப்போது காரணம் புரியும். கைப்பேசி நாய்ஸைத் துடைத்து எடுத்து வானத்தைப் பளிங்காக்கித் தருகிறது. துடைத்ததோடு பாதுகாப்பும் போய்விடுகிறது.

தெரிந்தே நாய்ஸ் சேர்க்கலாம் என்பதை முதலில் தெளிவாக நிறுவியவர்களில் ஒருவர் லாரன்ஸ் ராபர்ட்ஸ். பிற்காலத்தில் இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட்டைக் கட்டியெழுப்பிய அதே ராபர்ட்ஸ். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபோது, 1962-இல் வெளியிட்ட கட்டுரையில் தொலைக்காட்சிப் படத்தை எண்களாக அனுப்பும் சிக்கலை எடுத்துக்கொண்டார். நல்ல படத்துக்குப் புள்ளிக்கு 6 பிட்டாவது வேண்டும். அனுப்பும் முன் நாய்ஸைச் சேர்த்து, வாங்கும் இடத்தில் அதே நாய்ஸைக் கழித்துவிட்டால் 3 பிட்டே போதும் என்று காட்டினார். 64 படிகள் செய்த வேலையை 8 படிகள் செய்தன. ஆங்கிலத்தில் டிதர் என்று அழைக்கப்படும் இந்த உத்தியின் வேறொரு வடிவம் நமக்கு முன்பே பழக்கம்தான். 1924 முதல் 2019 வரை கோலாலம்பூரில் வெளிவந்த தமிழ் நேசனின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் சாம்பல் நிற மையே கிடையாது. கறுப்புப் புள்ளியும் வெறும் தாளும்தான். திரையில் பட்டை தெரியும் படம் அச்சில் ஒழுங்காக வந்துவிடுவதற்கும் இந்த மைப்புள்ளிகளே காரணம்.

இனி கை வைக்கும் வேலை. படத்தில் பட்டை கண்டதும் அழிக்கத் தொடங்காமல், அது கோப்பில் இருக்கிறதா, திரையில் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். மலிவான மடிக்கணினித் திரைகள் பல, நிறத்துக்கு 6 பிட் மட்டுமே காட்டக்கூடியவை. மீதிப் படிகளை வேகமாக மின்னிமின்னி ஒப்பேற்றுகின்றன. படத்தை 100 விழுக்காடு அளவில் வைத்துப் பாருங்கள். சுருக்கிப் பார்த்தபோது தெரிந்த பட்டை அங்கே மறைந்தால் அது மென்பொருள் காட்டிய முன்தோற்றத்தின் குறை. மறையாவிட்டால் நிறம் அளக்கும் கருவியைப் பட்டையின் விளிம்புக்கு மேலும் கீழும் வைத்து எண்களைப் படியுங்கள். ஓர் எண் மட்டும் மாறியிருந்தும் பட்டை தடித்துத் தெரிந்தால் திரையைச் சந்தேகிக்கலாம், வேறு திரையில் பார்க்கலாம். மூன்று, நான்கு என்று தாவியிருந்தால் குறை கோப்பில்தான். ஹிஸ்டோகிராமும் அப்போது சீப்புப் பல்லாக இடைவெளி விட்டு நிற்கும்.

முனைவாக்க வடிகட்டி மாட்டி அகன்ற லென்ஸில் எடுத்த படத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருத்திருந்தால் அதைப் பட்டை என்று எண்ணிவிட வேண்டாம். சூரியனுக்குச் செங்கோணத் திசையில் வானத்தின் ஒளி அதிகம் முனைவாக்கம் பெற்றிருக்கும். சந்திரசேகர் அட்டவணை போட்டது அதைத்தான். அது வானத்தின் சொந்தக் குணம், திருத்த வேண்டிய பிழை இல்லை.

கோப்பில் பட்டை இருந்தால், முதல் வழி தொடக்கத்துக்கே திரும்பிப் போவது. கேமராவில் பதப்படுத்தாத ரா கோப்பாக எடுத்திருந்தால் 14 பிட்டில் 16,384 படிகள் கையில் இருக்கின்றன. ஃபோட்டோஷாப்பில் திறக்கும்போதே 16 பிட் முறையைத் தேர்ந்துகொண்டு, வெளிச்சம், கான்ட்ராஸ்ட், நிறம் எல்லா இழுப்பையும் அங்கேயே முடித்துவிட வேண்டும். 8 பிட்டுக்கு இறங்குவது கடைசி வேலையாக இருக்கட்டும். காசு கொடுத்து மென்பொருள் வாங்க முடியாதவர்களுக்கு டார்க்டேபிள் இருக்கிறது. 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்ப்பும் 8 பிட்டுக்கு மேல் வேலை செய்கிறது.

ஜேபெக் மட்டுமே இருக்கிறது என்றாலும் கைவிட வேண்டியதில்லை. அதை 16 பிட்டுக்கு மாற்றுங்கள். மாற்றுவதால் தொலைந்த படிகள் திரும்பி வராது, ஆனால் புதுப் படிகள் வந்து உட்கார இடம் கிடைக்கும். வானத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, பட்டையின் அகலத்துக்கு ஏற்ப மங்கலாக்கி விளிம்புகளைக் கரையுங்கள். அப்புறம் ஒரு விழுக்காடு அளவில் நாய்ஸ் சேருங்கள், தேவைப்பட்டால் இரண்டு. எல்லா நிறத்துக்கும் ஒரேமாதிரி சேர்க்கும் தேர்வு இருக்கும். என் கண்ணுக்கு அதுதான் ஃபிலிமுக்கு நெருக்கமாகத் தெரிகிறது. தேயிலை மலையின் விளிம்பில் தேர்வு சரியாக அமையாவிட்டால் மலை ஓரம் ஒளிவட்டம் கட்டிவிடும், அங்கே பொறுமை வேண்டும். மங்கலாக்கிவிட்டு நாய்ஸ் சேர்க்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. 8 பிட்டுக்கு இறக்கிய மறுகணமே பட்டை மறுபடி வந்து நிற்கும்.

இவ்வளவும் செய்து பார்த்துப் பார்த்துத் திருத்திய படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பினால், பெறுகிறவர் கைப்பேசியில் பட்டை மீண்டும் தலைகாட்டுகிறது. ஜேபெக் முறை படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளாக மாற்றி எழுதுகிறது. அதற்கான கணிதத்தை 1974-இல் வெளியிட்டவர்கள் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, அவரோடு டி. நடராஜன், கே. ஆர். ராவ். உலகத்தில் இன்று சுற்றும் படங்களில் பெரும்பகுதி இந்த மூவரின் கணக்கைத் தாங்கித்தான் சுற்றுகிறது. கோப்பைச் சிறிதாக்க நினைக்கும்போது இந்த முறை முதலில் தூக்கி எறிவது மிகப் பொடியான அலைகளை. நாம் சேர்த்த நாய்ஸின் பெரும்பகுதி அந்தப் பொடி அலைகளில்தான் இருக்கிறது. அதைக் காவு கொடுத்ததும் வானம் பழையபடி படியாகிவிடுகிறது, இந்த முறை எட்டுப் புள்ளிக் கட்டங்களின் தடமும் சேர்ந்துகொள்கிறது. அவர்களுடைய கணிதத்தைக் குறை சொல்ல முடியாது. எவ்வளவு எறிவது என்று முடிவெடுப்பவர் அனுப்பும் செயலியை அமைத்தவர்.

ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் 1929-இல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து தமிழர்களின் உழைப்பு இந்த மலையில் ஊறிக் கிடக்கிறது. லயத்து வாசலில் எடுத்த கல்யாணப் படம், கோயில் திருவிழா, கொழுந்து நிறுக்கும் இடம், பின்னணியில் அந்த வானம் என்று பல குடும்பங்களின் படங்கள் இன்று கைமாறிக் கைமாறிப் புலனத்தில் நசுங்கிய பிரதிகளாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஒவ்வொரு முறை நசுங்கும்போதும் வானம் ஒரு படி இழக்கிறது, முகங்களும்தான். உங்கள் வீட்டில் யாராவது படம் எடுத்து வைத்திருந்தால் கேமராவிலோ கைப்பேசியிலோ இருக்கும் அசல் கோப்பையே கேட்டு வாங்குங்கள். புலனத்தில் வாங்குவதானால் படமாக அல்ல, ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி அனுப்பினால் கோப்பு மாறாமல் வந்து சேரும். திருத்திய படத்தைத் தனிப்பெயரில் சேமியுங்கள். அசலை அழிக்காதீர்கள்.